பிரெஞ்சு வினைச்சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்காதீர்கள்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் நம்மவர்களில் பலர் வினைச்சொல் அட்டவணையைப் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள், ஆனால் வாயைத் திறந்தால் எழுதிய விகுதி அத்தனையும் ஒலியாக வந்துவிடும். 'பேசு' என்பதற்கான பார்லே வினையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான், நீ, அவன், அவர்கள் என்று நான்கு இடத்துக்கும் நிகழ்காலத்தில் காதில் விழுவது 'பார்ல்' என்ற ஒரே அசைதான். அவர்களுக்குரிய வடிவத்தின் கடைசியில் நிற்கும் இ, என், டி (e, n, t) மூன்றும் ஊமை எழுத்துகள், அதை 'பார்லான்' என்று நீட்டவே கூடாது. 'பார்லு' என்று தமிழ்ப் பழக்கத்தில் ஓர் உகரம் சேர்ப்பதும் தவறு, ஏனென்றால் ஓரசை ஈரசையாகிவிடும்.

சரி, அதற்காகக் கடைசி மெய் எல்லாவற்றையும் விழுங்கிவிடலாமா? கூடாது. 'முடிக்கிறான்' என்பது ஃபினி, 'முடிக்கிறார்கள்' என்பது ஃபினிஸ். 'விற்கிறான்' வான், 'விற்கிறார்கள்' வாந்த். ஒருமையா பன்மையா என்று கேட்பவருக்குச் சொல்வது அந்த ஒற்றை மெய்தான். (வான் என்பதன் 'ன்' வெறும் மூக்கொலி, நாக்கு மேலே தொடக்கூடாது.)

அசை பிரிப்பதில் நம்மைக் கவிழ்ப்பது இரட்டிப்பு. நமக்கு 'பட்டு' வேறு, 'படு' வேறு, அதனால் 'முடிக்கிறோம்' என்பதற்கான வடிவத்தில் இரண்டு எஸ் கண்ணில் பட்டதும் 'ஃபினிஸ்ஸோன்' என்று அழுத்திவிடுகிறோம். வரி முடிவில் வெட்டும்போது அந்த இரண்டு எஸ்ஸுக்கும் நடுவில் கோடு போடுவது சரிதான், ஆனால் வாயில் அது ஃபி-னி-ஸோன், மெய் முழுக்க அடுத்த உயிரோடு போய்விடும். 'அழைக்கிறோம்' என்பதும் அப்படியே, அ-ப்லோன் என்று இரண்டே அசை, எழுத்தில் நடுவே உள்ள e பேச்சில் பெரும்பாலும் கரைந்துவிடும். 'ஓடினான்' (கூரே), 'ஓடுவான்' (கூர்ரா) போன்ற வடிவங்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், எதிர்காலத்தில் வரும் இரண்டு ர-வையும் அழுத்தித்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், சொல்லோடு சொல் சேரும் இடம். 'இல்-ஸோன்' என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்', அதே ஸ தேனீயின் ரீங்காரம்போலத் தொண்டை அதிர ஒலித்தால் 'அவர்களிடம் இருக்கிறது'. ஏனென்றால் இரண்டாவதில் 'அவர்கள்' என்ற சொல்லின் ஊமை எஸ், அடுத்து உயிர் வந்ததால் உயிர்பெற்று அந்த அசைக்கே முதலெழுத்தாகிவிடுகிறது. இந்த இரண்டையும் தினமும் மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், இங்கே குழம்பினால் பொருளே மாறிவிடும்.