வயர்லெஸ்ல பிட் தப்பா போனா எப்படி சரி பண்றது: ஹாமிங் கோட்ல ஆரம்பிச்சு படிப்படியா

எரர் கரெக்‌ஷன்னு தேடுனா முதல் பக்கத்துலயே பெரிய மேட்ரிக்ஸ் வந்து நிக்கும், அத பாத்துட்டே பாதி பேர் மூடி வச்சுட்டு போயிடுறாங்க. ஆரம்பிக்க அதெல்லாம் வேணாம், ஒரு பேப்பரும் பேனாவும் போதும். கடைசி படிக்கு மட்டும் கொஞ்சம் பைத்தான் தெரிஞ்சா நல்லது.

படி 1: கையாலயே ஒரு கோட் போடுங்க

பெல் லேப்ஸ்ல இருந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950ல வெளியிட்டது இது. 4 தகவல் பிட்டுக்கு 3 பாரிட்டி பிட், அதாவது தப்ப கண்டுபிடிக்க கூடுதலா சேக்குற சோதனை பிட். வரிசையா 7 கட்டம் வரைங்க. 1, 2, 4 பாரிட்டிக்கு, மிச்சம் 3, 5, 6, 7 தகவலுக்கு. 1011 அனுப்பணும்னா அதே வரிசைல அந்த நாலு கட்டத்துல எழுதுங்க.

இப்போ 1, 3, 5, 7 கட்டங்கள்ல மொத்தம் எத்தன 1 இருக்குன்னு எண்ணுனா இரட்டைப்படையா வரணும், அதுக்கு ஏத்த மாதிரி 1ஆவது கட்டத்துல 0 இல்லன்னா 1 போடுங்க. இதே மாதிரி 2ஆவது கட்டத்துக்கு 2, 3, 6, 7. 4ஆவதுக்கு 4, 5, 6, 7. சரியா போட்டிருந்தா 0110011 வரும்.

வழில 5ஆவது பிட் புரண்டு 0110111 ஆயிடுச்சுன்னு வைங்க. வாங்குறவர் அதே மூணு கணக்கையும் மறுபடி போடுறார், 1ஆவது கணக்கு ஒற்றைப்படை, 2ஆவது சரி, 4ஆவது ஒற்றைப்படை. தப்பா வந்த நம்பரைக் கூட்டுங்க, 1+4, அஞ்சு. தப்பு எந்த இடம்னு அந்தக் கூட்டலே சொல்லிடுது! இத ஒரு தடவையாவது கையால போட்டு பாக்கணும், வேற எந்த விளக்கமும் இந்த அளவுக்கு மனசுல நிக்காது.

படி 2: அத நீங்களே உடைங்க

இப்போ 5, 6 ரெண்டையும் புரட்டுங்க, 0110101. கணக்கு போட்டா 1ம் 2ம் தப்புன்னு வரும், கூட்டுனா 3. டிகோடர் (வாங்குற பக்கம் தப்ப சரி பண்றது) போய் நல்லா இருந்த 3ஆவது பிட்ட புரட்டிடும், ரெண்டு தப்பு மூணாயிடுச்சு, ஆனா எல்லாம் சரியாயிடுச்சுன்னு அது நினைச்சுக்கும்.

வயர்லெஸ்ல இதுதான் பெரிய தலைவலி. சிக்னல் சுவர்ல பட்டு, தரைல பட்டு பல வழில வந்து சேருது, சில நேரம் அதுங்க ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும், அந்த நேரத்துல வர்ற பிட்டெல்லாம் கும்பலா கெட்டுப்போகும். ஃபேடிங்னு சொல்றது இதத்தான்.

படி 3: இன்டர்லீவர் (பிட் வரிசைய கலைச்சு அனுப்புறது) சேத்துக்கோங்க

கோட மாத்தாமலே கிடைக்கிற முன்னேற்றம் இது. 7 கோட்வேர்டை (மேல பாத்த மாதிரி 7 பிட் கொண்ட ஒரு தொகுப்பு) ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதுங்க, 7க்கு 7 கட்டம், 49 பிட். அனுப்பும்போது வரிசை வரிசையா அனுப்பாம மேலிருந்து கீழா பத்தி பத்தியா அனுப்புங்க. வழில தொடர்ச்சியா 7 பிட் நாசமானாலும் அந்தப் பக்கம் பழையபடி அடுக்குனா ஒரு கோட்வேர்டுக்கு ஒரு தப்புதான் விழும், ஹாமிங் தாராளமா சரி பண்ணிடும். இதுக்கு விலை, தாமதம். 49 பிட்டும் வந்து சேர்ற வரைக்கும் டிகோடர் காத்திருக்கணும், அதனால குரல் பேசுற லிங்க்ல இத இஷ்டத்துக்கு பெருசாக்க முடியாது.

படி 4: 0, 1னு அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச படி இது. 0க்கு +1, 1க்கு -1னு அனுப்புறோம்னு வைங்க, ஒரே 0வ மூணு தடவை அனுப்புறோம். வழில நாய்ஸ் (இரைச்சல்) கலந்து வந்தது +0.9, -0.1, -0.2. ஒவ்வொண்ணா முடிவு பண்ணா 0, 1, 1, மெஜாரிட்டி 1, தப்பு. அப்படியே கூட்டுனா +0.6, விடை 0, சரி. ரெண்டு பேர் தயங்கி சொன்னத விட ஒருத்தர் உறுதியா சொன்னதுக்கு வெயிட் ஜாஸ்தி, அவ்ளோதான் சாஃப்ட் டெசிஷன். சாதாரண நாய்ஸ் சேனல்ல இதுக்கு சுமார் 2 டெசிபல் (சிக்னல் சக்திய ஒப்பிடுற அளவு) லாபம் கிடைக்கும். ஃபேடிங்ல மாட்டுன பிட்டோட மதிப்பு பூஜ்யத்துக்கு பக்கத்துல வரும், அதாவது அந்த பிட்டே எனக்கு தெரியலன்னு சொல்லிடுது, இன்டர்லீவரும் சேந்தா பக்கத்து பிட்டுங்க நல்லா இருக்கும், அதுங்கள வச்சு டிகோடர் சமாளிச்சுக்கும்.

படி 5: இப்போதான் பெரிய கோட்

ஒரு சேனல்ல தப்பில்லாம எவ்ளோ தகவல் அனுப்ப முடியும்னு 1948ல க்ளாட் ஷானன் ஒரு எல்லை சொன்னார், 1993ல டர்போ கோட் வந்தப்பதான் ஒரு டெசிபலுக்கும் கம்மியான தூரத்துல அத நெருங்குனாங்க. எல்டிபிசிங்கிற இன்னொரு கோட ராபர்ட் கேலகர் 1960களோட ஆரம்பத்துலயே எழுதிட்டார், ஓட்டிப் பாக்க அப்ப இருந்த கம்ப்யூட்டருக்கு சக்தி பத்தல. இன்னைக்கு 5ஜில டேட்டாவுக்கு எல்டிபிசி, கன்ட்ரோல் தகவலுக்கு அரிகான் 2009ல வெளியிட்ட போலார் கோட். இதெல்லாம் சாஃப்ட் மதிப்ப நம்பித்தான் ஓடுது, படி 4 புரியாம இங்க குதிக்காதீங்க.

படி 6: நியாயமா அளந்து பாருங்க

இதையெல்லாம் பைத்தான்ல சிமுலேஷனா ஓட்டிப் பாக்கலாம், ஆரம்பக்காரங்க நிறைய பேர் சறுக்குற இடம் இது. 4 பிட் தகவலுக்கு 7 பிட் அனுப்புறீங்க, அதுக்கான கூடுதல் எனர்ஜிய கணக்குல சேக்கலன்னா உங்க கோட் 2.43 டெசிபல் பொய்யா நல்லா தெரியும் (10 பெருக்கல் லாக் 7/4, அடிமானம் 10). அதனால கிராஃபோட எக்ஸ் அச்சுல ஒரு தகவல் பிட்டுக்கான எனர்ஜிய வைங்க, அனுப்புன பிட்டுக்கானத இல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் குறைஞ்சது 100 தப்பு சேர்ற வரைக்கும் ஓடவிடுங்க, நாலஞ்சு தப்ப வச்சு கோடு போட்டா அது மேலயும் கீழயும் ஆடும். முதல்ல எந்த எரர் கரெக்‌ஷன் கோட்டும் போடாம ஒண்ணு, அப்புறம் ஹாமிங், அப்புறம் இன்டர்லீவர், கடைசியா சாஃப்ட், நாலையும் ஃபேடிங் சேனல்ல ஒரே கிராஃப்ல போடுங்க.