மலைக்குளிர்ல யோகா ஆரம்பிக்கிறீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்ப நிறைய பேர் யோகா பண்ண ஆரம்பிச்சிருக்காங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா கீழ சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ எடுத்த வீடியோவ பாத்து அப்படியே இங்க விடியக்காலைல செய்றதுலதான் பாதி பிரச்சனை வருது. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், டிசம்பர் ஜனவரில புல்லு மேல உறைபனி வெள்ளையா கெடக்கும், அந்த நேரத்துல கம்பளிய விட்டு எந்திரிச்ச உடனே குனிஞ்சு கால் கட்டைவிரல தொடப் போனா பின்தொடை சதை பிடிச்சுக்காம என்ன பண்ணும்? முதல்ல வீட்டுக்குள்ளயே பத்து நிமிஷம் நடங்க, தோள், இடுப்பு, கணுக்கால சுத்துங்க. விடியக்காலைலதான் செய்யணும்னு சட்டம் இல்ல, நல்லா வெயில் வந்தப்புறம் செஞ்சாலும் பலன் உண்டு, வயிறு நிறைய சாப்ட்டிருந்தா மட்டும் மூணு மணி நேரம் விடுங்க. சாக்ஸ் போட்டுட்டு நின்னு செய்ற ஆசனம் வேண்டாம், வழுக்கும்.

இப்ப சொல்றத தயவுசெஞ்சு வீட்ல எல்லாருக்கும் சொல்லுங்க. குளிருதுன்னு ஜன்னல் கதவ சாத்தி, ரூமுக்குள்ள கரி அடுப்பு கணப்பு வச்சுட்டு பிராணாயாமம் பண்ணவே கூடாது. கரி எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்த அது பிடிச்சுக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும், புதுசா செய்றவங்க மூச்சுப்பயிற்சி பண்றதாலதான் இப்படின்னு நெனச்சு அங்கயே உக்காந்துட்டா உயிரே போயிடும். உடனே வெளிய காத்துக்கு வந்துடுங்க, ஆஸ்பத்திரிக்கும் போங்க. இந்த மாதிரி மூடின ரூம்ல கரி வச்சு ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் ஆள் செத்திருக்காங்க.

மூச்ச தம் கட்டி நிறுத்துறதும் ஆரம்பத்துல வேண்டாம். வயித்த உள்ள இழுத்து மூச்ச வேகமா வெளிய தள்ற கபாலபாதி பயிற்சி, பிபி அதிகம் இருக்கவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குடலிறக்கம் இருக்கவங்களுக்கும் ஆகாது.

எங்க பக்கம் எஸ்டேட்ல எலை பறிக்கிற அக்காமாருக்கு முதுகு வலி சாதாரணம், நாள் பூரா செடி மேல குனிஞ்சு பறிச்சு மூட்டையும் தூக்குறாங்க. அவங்க சாயங்காலம் வந்து மறுபடி குனியற ஆசனத்தையே செஞ்சா வலி கூடத்தான் செய்யும், டிஸ்க் பிரச்சனை இருந்தா இன்னும் மோசம். குப்புறப் படுத்து முழங்கைய ஊனி நெஞ்ச மட்டும் லேசா தூக்குங்க, போதும். வலி கால் வரைக்கும் இறங்குனா நிறுத்திட்டு டாக்டர பாருங்க.

பத்மாசனம் வரலன்னு கால வளைச்சு இழுக்காதீங்க, திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு, அது திரும்பலன்னா முழங்கால்தான் அடி வாங்கும். எட்டு படி இருக்கிற அட்டாங்க யோகத்துல ஆசனம் மூணாவதுதான், இயமமும் (அடுத்தவங்ககிட்ட நடந்துக்கிற ஒழுக்கம்) நியமமும் (நமக்கு நாமே வச்சுக்கிற ஒழுக்கம்) அதுக்கு முன்னாடியே வந்துடுது, பக்கத்துல இருக்கவங்கள விட நல்லா வளையணும்னு போட்டி எதுக்கு?

கடைசில மல்லாந்து படுத்து அசையாம ஓய்வெடுக்கிற சவாசனத்த விட்டுட்டு ஓடாதீங்க, வேர்த்த உடம்பு இங்க சட்டுனு குளிர்ந்துடும், கம்பளி போத்திட்டு அஞ்சு நிமிஷம் படுங்க. தூக்கம் நல்லா வரும், உடம்பு லேசாகும், பதட்டம் குறையும், இதெல்லாம் நெசம். அதுக்காக பிபி, சுகர் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, குறைக்கலாமான்னு டாக்டர்தான் சொல்லணும்.