தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, மீன் ஏன் சாகிறது?

ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பளிச்சென்று சுத்தம் செய்தேன். திங்கள் காலை அடியில் இரண்டு டெட்ரா. செவ்வாய் மூன்று. புதன்கிழமை, நான் குட்டியிலிருந்து வளர்த்த ஏஞ்சல் மீன். உடம்பில் புள்ளி இல்லை, புண் இல்லை, செதில்கூட உதிரவில்லை. பயத்தில் வீட்டில் இருந்த நீல மருந்தை ஊற்றினேன், அடுத்த நாள் இன்னொரு மருந்தையும் ஊற்றினேன். எண்பது லிட்டர் தொட்டியில் கடைசியில் தப்பியது ஒரு கிழட்டு ப்ளாட்டியும் ஒரு நத்தையும்தான்.

அதனால் முதலில் சொல்வது இது: மருந்து பாட்டிலைத் தொடாதீர்கள். காரணம் தெரியாமல் இறக்கும் மீன்களில் பெரும்பாலானவை தண்ணீரால்தான் சாகின்றன. மருந்துகள் சில, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் குறைத்து, ஃபில்டரில் வாழ்ந்து, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷத்தைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும்.

செத்த மீனை உடனே எடுங்கள். பிறகு தலை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் ஃபில்டருக்குப் பின்னாலும் அலங்காரக் கல்லுக்கு அடியிலும் தேடுங்கள். அங்கே அழுகிக்கொண்டிருக்கும் ஒரு மீனே மற்றவற்றைக் கொல்லப் போதும். ஏர் பம்ப் இருந்தால் ஓடவிடுங்கள், அறையில் கொசு மருந்து அடித்திருந்தால் மட்டும் வேண்டாம். தெர்மாமீட்டரைப் பாருங்கள், ஹீட்டர் மாட்டிக்கொண்டு தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கப்புறம், தண்ணீரை மாற்றுவதற்கு முன்னால், ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஓரமாக வையுங்கள். மாற்றிவிட்டுப் பரிசோதித்தால் சாட்சியைக் கழுவிவிட்டு விசாரணை நடத்துவது போலத்தான்.

இனி, எப்போது, எந்த வரிசையில் செத்தன என்று யோசியுங்கள். எனக்கு இதைவிடப் பெரிய துப்பு கிடைத்ததில்லை.

விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறை. செடிகளும் இரவில் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும், தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் கரைவதும் குறையும். சில மணி நேரத்தில் எல்லாமே போய்விட்டதென்றால் வெளியிலிருந்து வந்த விஷம்: குளோரின், சோப்பு, இல்லாவிட்டால் அறையில் அடித்த கொசு மருந்து. பூச்சி ஸ்பிரேக்களில் இருக்கும் பைரெத்ராய்டு மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது. ஏர் பம்ப் அறைக் காற்றை அப்படியே தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிய சில நாள் கழித்து ஒவ்வொன்றாகப் போனால், அதிலிருந்த பாக்டீரியாவைக் கொன்றது நீங்கள்தான். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். மாதத்துக்கு ஒன்று என்று போனால் அது வயதாகவோ நோயாகவோ இருக்கலாம், அவசரம் இல்லை.

குளோரின் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் போதும் என்று பழையவர்கள் சொல்வார்கள். குளோரினுக்கு அது சரி. குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீரில் அந்த வித்தை பலிக்காது, அது சுலபத்தில் ஆவியாகாது. ஆன்டி குளோரின் சொட்டுகளே நம்பகம்.

அடுத்தது தண்ணீரைப் பரிசோதிக்கும் டெஸ்ட் கிட். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் பட்டையைவிட, சொட்டுவிட்டு நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் கிட் நல்லது. பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவு கொடியதல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அமோனியா 0, நைட்ரைட் 0 இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு மில்லிகிராம்) கீழே. புதுத் தொட்டி என்றால் முதல் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதற்குள் மீன் போட்டதே பிரச்சினையாக இருக்கலாம். நைட்ரைட் விஷத்தில் செவுள் பழுப்பாகும், ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். பிஎச்சை மட்டும் மறக்காதீர்கள். அது தண்ணீரின் அமில, கார அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நான் மறந்தது அதைத்தான்.

சுத்தம் செய்த அன்று எடுத்த பழைய தண்ணீரில் ஒரு வாளி, செடிக்கு ஊற்றலாம் என்று பின்பக்கம் கிடந்தது. கிட் வந்ததும் அதைப் பரிசோதித்தேன். பிஎச் 6, கிட்டின் கடைசிக் கோடு. அமோனியா கரும்பச்சை, அட்டையில் அதற்கு மேல் நிறமே இல்லை. அந்தத் தண்ணீரில்தான் என் மீன்கள் வாரக்கணக்கில் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தன!

நடந்தது இது. நான்கு மாதமாக நான் தண்ணீர் மாற்றவில்லை, ஆவியானதை மட்டும் நிரப்பி வந்தேன். அமிலத்தைச் சமாளிக்கும் தண்ணீரின் காரத்தன்மை மெல்லத் தீர்ந்து பிஎச் சரிந்தது. அவ்வளவு அமிலத்தில் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும், அமோனியா சேரும். ஆனால் 25 டிகிரியில் பிஎச் 6 இருந்தால் அந்த அமோனியாவில் விஷமான பங்கு நூற்றில் 0.06 கூட இல்லை. பிஎச் 7-இல் அது ஏறக்குறைய 0.6, 8-இல் 5-க்கும் மேல். ஒரு படி ஏறினால் பத்து மடங்கு. நானோ ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றி, பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். பாதி அமோனியாவை வெளியே கொட்டியும் தொட்டிக்குள் விஷம் பல மடங்காயிற்று. சுத்தம்தான் கொன்றது.

ஆகவே, பிஎச் 6.5-க்கு மேல் இருந்து அமோனியா தெரிந்தால் தாராளமாக 30 சதவீதம் மாற்றுங்கள், தேவைப்பட்டால் தினமும். அதற்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு 10 சதவீதம்தான், அதுவும் அமோனியாவைக் கட்டும் மருந்தோடு. தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள், மீன் பட்டினியால் சாகாது.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்து, மீன் ஒன்று ஒதுங்கியோ ஊதியோ வெண்புள்ளியோடோ இருந்தால் மட்டும் நோயைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் தனித் தொட்டியில், ஒரு நேரத்தில் ஒரே மருந்து.

அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து 0 காட்டும்வரை புது மீன் வாங்க வேண்டாம். எனக்கு அதற்கு ஆறு வாரம் ஆனது. அதுவரை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு நத்தையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். ப்ளாட்டி ஃபில்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே மறுத்துவிட்டது.