கேம் ஹின்ட்டை எப்படிப் படிப்பது: ஜனவரி வரை பொறுக்க முடியாத ரோபோட்டிக்ஸ் டீம்களுக்கு

எஃப்ஆர்சி என்பது ஃபர்ஸ்ட் அமைப்பு பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ரோபோ போட்டி. வருஷா வருஷம் புது கேம், அது ஜனவரியில் வெளியாகும் நாள்தான் கிக்ஆஃப். அது நெருங்க நெருங்க டீம்களின் குரூப் சாட்டில் வேறு பேச்சே இருக்காது. ஃபர்ஸ்ட் அமைப்பு புது கேமுக்கு ஹின்ட்டாகச் சின்னதாக ஒரு டீசர் வீடியோ விடும். ஒருத்தர் அதை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி மூலையில் தெரியும் ஒரு வளைவைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புவார், இன்னொருத்தர் பின்னணி இசையில் மோர்ஸ் கோட் கேட்கிறது என்பார், மூன்றாமவர் வழக்கம்போல "இந்த வருஷம் தண்ணீர் கேம்தான், உறுதி" என்பார். எல்லாம் ஜாலிதான், நானும் விடமாட்டேன். ஆனால் இந்த ஊகத்தையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்தால் டீமுக்குப் பயனும் இருக்கும்.

முதலில் ஹின்ட்டை மூடி வையுங்கள். எது மாறவே மாறாது என்று எழுதுங்கள். ஒரு பக்கம் 3 ரோபோ, எதிர்ப்பக்கம் 3 ரோபோ. மைதானம் ஏறத்தாழ 27 அடிக்கு 54 அடி, தரையில் கார்ப்பெட். ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம், அதில் முதல் சில விநாடிகள் ரோபோ தானாக ஓட வேண்டும். இந்த மைதானத்தை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பள்ளி ஜிம்மில் போட வேண்டும், ஒரு ஆட்டம் முடிந்ததும் தன்னார்வலர்கள் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் பழையபடி அடுக்க வேண்டும், ஆட்டப் பொருளை ஆயிரக்கணக்கான டீம்கள் வாங்கிப் பழக வேண்டும். இதைப் படித்தாலே தண்ணீர் கேம் செத்துவிடும்: ஜிம் தரை, கார்ப்பெட், பேட்டரி, திறந்து கிடக்கும் வயர்கள். 2025இன் ரீஃப்ஸ்கேப் கேம் பவளப் பாறை, பாசி என்று முழுக்கக் கடலுக்குள்ளேயே நடந்தது, ஆனாலும் மைதானத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அடுத்து தீம். இது ரகசியமே இல்லை, சீசன் பெயர் பல மாதம் முன்னாலேயே வந்துவிடும், ஃபர்ஸ்ட் நடத்தும் மூன்று போட்டிகளுக்கும் அது பொது. சின்னப் பிள்ளைகளின் லெகோ லீக் சவால் ஆகஸ்ட் வாக்கில் வெளியாகும், நம்முடையதைவிடச் சின்ன ரோபோக்கள் ஆடும் எஃப்டிசி போட்டியின் கேம் செப்டம்பரில் வெளியாகும், நம்முடையது கடைசி. ஆக இரண்டு தம்பிப் போட்டிகளின் விடைத்தாளைப் பார்த்த பிறகுதான் நாம் பரீட்சை எழுதப் போகிறோம், அதை ஏன் விட வேண்டும்? 2022-23இல் எஃப்டிசியின் பவர்ப்ளே கேமில் கூம்புகளைக் கம்பத்தில் செருக வேண்டும். ஜனவரியில் வந்த நம்முடைய சார்ஜ்டு அப் கேமிலும் கூம்பு, கம்பம், கூடவே காற்றடைத்த கனசதுரம். 2025 செப்டம்பரில் வந்த டிகோட் பந்தை எறியும் கேம், 2026இன் ரீபில்ட்டும் பந்தை எறியும் கேம்தான். ஆனால் இதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2021-22இல் எஃப்டிசியின் ஃப்ரெய்ட் ஃப்ரென்சியில் கனசதுரம், பந்து, வாத்துப் பொம்மை எல்லாம் இருந்தன, நம்முடைய ரேபிட் ரியாக்ட்டில் வந்ததோ பெரிய டென்னிஸ் பந்து மட்டும். அதனால் தம்பிகளின் கேமிலிருந்து தீம், மனநிலை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், பொருளை நம்பி பந்தயம் கட்டாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஊகிக்கிற எல்லோரும் பெயர்ச்சொல்லைத் தேடுகிறார்கள். பந்தா, பெட்டியா, வளையமா? ரோபோ கட்டுகிறவருக்குத் தேவை வினைச்சொல்: தரையிலிருந்து எடுப்பதா, எறிவதா, உயரத்தில் வைப்பதா, அடுக்குவதா, தொங்குவதா? 2024இன் க்ரெசெண்டோவில் ஆட்டப் பொருள் ஆரஞ்சு நிற ஃபோம் வளையம், அதற்கு இசைக் குறிப்பு என்று பெயர், போடும் இடங்களுக்கு ஆம்ப், ஸ்பீக்கர் என்று பெயர். இத்தனை அலங்காரத்தையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது தரையிலிருந்து எடுத்து எறிவதுதான். 2013இல் ஃப்ரிஸ்பீ எறிந்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல. தீம் வருஷா வருஷம் மாறும், வினைகள் சுற்றிச் சுற்றி ஒரு ஏழெட்டுதான்.

அந்த வினைகளைப் பழைய கேம்களில் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 2005, 2007, 2011, 2015, 2019, 2023, 2025: எடுத்து வைப்பது, மாட்டுவது, அடுக்குவது. 2006, 2012, 2014, 2016, 2020, 2022, 2024, 2026: எறிவது. ஒற்றைப்படை வருஷம் கை நீட்டு, இரட்டைப்படை வருஷம் எறி! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 2009இலும் 2013இலும் எறிந்தார்கள், 2018இல் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார்கள், 2017இல் பல்சக்கரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் பந்து எறிவதும் சேர்ந்தே வந்தன. என் கணக்கில் இது ஒரு சின்னச் சாய்வு, விதி அல்ல. இதைவிடத் தைரியமாகச் சொல்லக்கூடியது ஆட்டத்தின் கடைசிக் கட்டம்: 2016 முதல் பார்த்தால் ஏறுவது அல்லது தொங்குவது ஏதோ வடிவில் வந்துகொண்டே இருக்கிறது, கோபுரம், கயிறு, கம்பி, சங்கிலி, கூண்டு என்று. 2023இல் மட்டும் ஆடும் பலகையில் ஏறிச் சமநிலையில் நிற்க வேண்டியிருந்தது.

சரி, இப்போது ஹின்ட்டைத் திறக்கலாம். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள், அதாவது "நீல வளைவு, மூன்று முறை மணிச் சத்தம்" என்கிற அளவுக்கு வறட்சியாக. வலப்பக்கம் அதற்கு நீங்கள் கொடுக்கும் அர்த்தம். பாதிச் சண்டைகள் இதிலேயே அடங்கிவிடும், ஏனென்றால் பலரும் தங்கள் அர்த்தத்தைத்தான் தெரிந்த விஷயமாக நினைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஒரு சோதனை: உங்கள் வாசிப்பு முறையைப் பழைய வருஷத்து டீசர் ஒன்றின்மேல் போட்டுப் பாருங்கள். எழுத்தை எண்ணாக மாற்றிக் கூட்டிக் கழிக்கிற வித்தை 2018இன் ஆர்கேட் வீடியோ கேம் பாணி டீசரிலும் "தண்ணீர்" என்று சொன்னால், அந்த வித்தை எதையும் கண்டுபிடிக்கவில்லை. விடை தெரிந்தவர்கள், விடை தெரியாதவர்களுக்காகச் செய்தது ஹின்ட். பிறகு பார்த்து "அட, இதுவா" என்று தலையில் அடித்துக்கொள்ளத்தான் அது, முன்னாலேயே கண்டுபிடிக்க அல்ல.

ஹின்ட்டைவிட நிறையச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, ஆனால் அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை: சுவாரசியமே இல்லாத தொழில்நுட்ப அறிவிப்புகள். 2023 சீசனுக்கு மைதானத்தில் ஏப்ரல்டேக் அடையாளங்கள் (ரோபோவின் கேமரா பார்த்துத் தன் இடத்தைக் கணிக்க உதவும் கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள்) வரப்போகின்றன என்று கிக்ஆஃபுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு கேமராவுக்கு நிரல் எழுத உட்கார்ந்த டீமுக்குக் கிடைத்த லாபம், வளைவை வட்டமிட்டவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் 8 டேக், 2024இல் 16, 2025இல் 22. அடுத்த வருஷமும் இருக்கும் என்று ஊகிக்க மோர்ஸ் கோட் தேவையில்லை.

ஒரு எல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் விற்கும் கடைக்குப் போன் போட்டுத் துருவுவது, வெளியிடாத பக்கங்களைத் தேடிக் குடைவது, இதெல்லாம் ஊகம் அல்ல. கேமின் விதிகள் அடங்கிய மேனுவலைப் பூட்டிய கோப்பாக முன்பே தருவார்கள், கிக்ஆஃப் ஒளிபரப்பில் கடவுச்சொல் வரும், அதுவரை அது பூட்டியே இருக்கட்டும்.

கடைசியில் ஊகத்தை வேலையாக மாற்ற வேண்டும். டீமில் ஒவ்வொருவரும் மூன்று வினையைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை நம்பிக்கை என்று எண் போட்டு எழுதிக் கொடுக்கட்டும், டீமை வழிநடத்தும் மென்டர் அதை வாங்கி வைக்கட்டும். எண் போடச் சொன்னதும் "உறுதி" என்றவர்கள் எல்லாம் 40க்கு இறங்கிவிடுவார்கள், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அதிக ஓட்டு வாங்கிய வினைக்கு நீங்களே ஒரு பக்கத்தில் போலி கேம் ஒன்றை எழுதி, கிக்ஆஃப் அன்று செய்வதையெல்லாம் ஒரு சனிக்கிழமை ஒத்திகை பாருங்கள்: விதி படிப்பது, எந்த வேலைக்கு எத்தனை விநாடி, எத்தனை புள்ளி என்று கணக்குப் போடுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பது. பழைய பந்து, பழைய வளையம் கிடந்தால் அவற்றை வைத்து பொருளை உள்ளே இழுக்கும் இன்டேக் உருளைகளைச் சோதியுங்கள். ஊகத்தை நம்பிப் புதிதாக எதையும் வாங்காதீர்கள், காசு இருந்தால் எந்த கேம் வந்தாலும் வேண்டிய டிரைவ் மோட்டார், பேட்டரி, பம்பர் துணி வாங்குங்கள்.

கிக்ஆஃப் அன்று காலையில் ஊகத் தாள்களைப் பிரித்துப் படித்துச் சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு மாதமாக "எறியும் கேம்" என்று பேசியவர், விதியில் எறிவதற்கு அற்பப் புள்ளி இருந்தாலும் ஷூட்டர் கட்டத்தான் ஆசைப்படுவார். அவர் பேச ஆரம்பித்ததும் "மேனுவலில் எந்தப் பக்கம்?" என்று கேட்க டீமில் ஒருவரை நியமித்துவிடுங்கள், முடிந்தால் ஊகத்தில் கலந்துகொள்ளாத ஒருவரை.