பவுலிங் பந்தில் கட்டைவிரல் சிக்குகிறதா?

மன்னார்குடி வெயிலில் வீங்கின கட்டைவிரல், சென்னையில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கூடத்து ஏசியில் அரை மணி நேரத்தில் சுருங்கிவிடும். மதியம் அப்பளம், வத்தல் என்று ஒரு பிடி பிடித்திருந்தால், அந்த உப்புக்கு மறுபடி கொஞ்சம் உப்பும். பந்தில் கட்டைவிரலை நுழைக்கும் ஓட்டையோ மாறுவதில்லை. அதனால் காலையில் சரியாக இருந்த பந்து, மூன்றாவது ஆட்டத்தில் லொடலொடக்கும்.

இதற்குத்தான் கட்டைவிரல் டேப். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொண்டு, உள்ளே டேப் ஒட்டி இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். சொரசொரப்பான வெள்ளை டேப் விரலின் சதைப் பக்கம், வழவழப்பான கறுப்பு டேப் நகப் பக்கம். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் விரலைக் கீறும். லூசானால் ஒன்று கூட்டுங்கள், இறுகினால் ஒன்றை உரித்துவிடுங்கள். உரிக்க ஒரு சின்ன இடுக்கி போதும்.

விரலை முழுசாக விட்டுப் பந்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விரலை மடக்கிப் பிடித்தால்தான் பந்து நிற்கிறதென்றால் ஓட்டை பெரிது. நான் ஒரு வருஷம் அப்படியே மடக்கிப் பிடித்து, கணுவில் காய்ப்பு வாங்கினதுதான் மிச்சம்.

கூடத்தில் கிடைக்கும் பொதுப் பந்திலும் ஒட்டலாம், கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள். கிளம்பும்போது உரித்துவிடுங்கள்.