சியோலைட் சல்லடை அன்று: கன உலோகங்களை நீக்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட், ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது நீராவியைக் கக்குவதைக் கண்டு, 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குச் சியோலைட் என்று பெயரிட்டார். நீரைத் தேக்கி வைத்திருந்த அந்த நுண்துளைகளைச் சல்லடைக் கண்களாக எண்ணுவதே பல பிழைகளுக்கு வேர். நீரில் கரைந்த ஈயத்தையோ காட்மியத்தையோ அவை வடிகட்டுவதில்லை. கல்லின் கட்டமைப்பில் சிலிக்கானுக்குரிய இடங்கள் சிலவற்றில் அலுமினியம் இருப்பதால் எதிர்மின்னூட்டம் உண்டாகிறது; அதை ஈடுசெய்யத் தங்கியிருக்கும் சோடியம், கால்சியம் போன்ற அயனிகள் வெளியேற, அவற்றின் இடத்தை உலோக அயனி பிடித்துக்கொள்கிறது.

ஆகவே, நேர்மின்னூட்டம் இல்லாத உலோக வடிவங்களிடம் பதப்படுத்தாத கல்லுக்கு வேலையே இல்லை. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் குரோமேட்டாக, அதாவது எதிர்மின் அயனியாக இருக்கிறது, ஆர்செனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனேட்டும் அப்படியே. குரோமியத்தை முதலில் மூன்று இணைதிறன் நிலைக்கு ஒடுக்க வேண்டும், அல்லது நேர்மின்னூட்டமுள்ள பரப்பு இயக்கியால் (சோப்பு போன்று மேற்பரப்பில் ஒட்டும் பொருளால்) கல்லின் மேற்பரப்பை மாற்றியமைக்க வேண்டும்.

ஆய்வகங்களிலேயே அடிக்கடி நிகழும் தவறு வேறொன்று. நீல நிறச் செப்புக் கரைசலில் கல்தூளை இட்டுக் கலக்கினால், சில மணி நேரத்தில் நீலம் மறைந்துவிடலாம். அடியில் வெளிர்நீலப் பஞ்சு போன்ற படிவு தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். கல்லே நீரின் பிஎச் அளவை உயர்த்தக்கூடியது என்பதால், செம்பு ஹைட்ராக்சைடாக வீழ்படிந்திருக்கக்கூடும். அதையும் சேர்த்துக் கல்லின் கொள்திறனாகக் கணக்கிடுவது பெரும் பிழை. கல் இடாத கரைசலொன்றை அதே பிஎச் அளவில் வைத்து ஒப்பிடாத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. மறுபுறம், நீர் கடும் அமிலமாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் போட்டிக்கு வருவதோடு, கல்லின் அலுமினியமும் கரையத் தொடங்கும்.

காய்ச்சி வடித்த நீரில் ஒரே உலோகத்தைக் கரைத்துச் செய்த சோதனையைக் கொண்டு ஆலையின் தொட்டியை வடிவமைப்பதும் ஆபத்தானது. கிளினோப்டிலோலைட் என்ற இயற்கைச் சியோலைட் ஈயத்தை எளிதில் ஏற்கும். நிக்கலை அவ்வளவாக ஏற்காது. அம்மோனியமும் பொட்டாசியமும் அதற்கு மிகவும் பிடித்தமானவை என்பதால், அவை மிகுந்த கழிவுநீரில் உலோகங்களுக்கு இடம் குறைந்துவிடும். உலோக அயனியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ போன்ற பிணைப்பிகள் இருந்தால் உலோகம் கல்லை அணுகாமலேயே கடந்து போகும்.

மாவாக அரைத்த தூள் விரைந்து வேலை செய்யும். ஆனால் குழாயில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். குறுமணிகளைக் கழுவி, உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சோடிய வடிவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

நிறைந்துபோன கல்லையும் உப்புக் கரைசலாலேயே மீட்கலாம். அப்போது வெளிவரும் கரைசலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டால், இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த ஈயம் முன்பைவிடச் செறிவாகத் திரும்பச் சேர்கிறது. அதிலுள்ள உலோகத்தை வீழ்படியச் செய்து பிரித்தெடுத்து, அந்தச் சேற்றையும், இனி மீட்க இயலாத கல்லையும் அபாயக் கழிவாகவே கையாள வேண்டும்.