மாநகராட்சிச் சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

எங்கள் தெருவில் சாலை நடுவே இருந்த வட்ட மூடி உடைந்துபோனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் நான்தான் மனு எழுதினேன். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். பதினொரு நாள், யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று அந்தப் பள்ளத்தில் முருங்கைக் கிளை நட்டு வைத்திருந்தோம். அப்புறம்தான் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

சென்னையில் சாலை நடுவே இருக்கும் வட்ட மூடி பெரும்பாலும் பாதாளச் சாக்கடையுடையது, மெட்ரோ வாட்டர் எனும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. நடைபாதையை ஒட்டி ஓரமாக வரும் மூடி மழைநீர் வடிகால், அது மாநகராட்சி. குடிநீரையும் கழிவுநீரையும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் தனி வாரியத்திடம் கொடுத்துவிட்டது. ஆகவே மாநகராட்சிக்கு எது இல்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சரியான சட்டத்தை எடுங்கள். சென்னைக்கு நெடுங்காலம் 1919ஆம் ஆண்டுச் சட்டம்தான். 2023 ஏப்ரலில் இருந்து 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 2023ஆம் ஆண்டு விதிகளையும் சேர்த்துப் படியுங்கள். நடைமுறை முழுவதும் விதிகளில்தான் இருக்கிறது.

இனி பென்சில் வேலை. மாமன்றம் என்று வரும் இடங்களுக்கு நீலம், ஆணையர் என்றால் சிவப்பு, மாநில அரசு என்றால் பச்சை. மாமன்றத்தில் 200 வார்டு உறுப்பினர்கள். அவர்கள் தீர்மானம் நிறைவேற்றுவார்கள், மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். செயல்படுத்துவது ஆணையர், அவரை நியமிப்பது மாநில அரசு. நான் கோடிட்டு முடித்தபோது எதிர்பார்த்ததைவிடப் பச்சை அதிகமாக இருந்தது. மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுகூட மாநிலத்தின் கையில்தான். 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். 2006இலும் 2022இலும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த ஊருக்கென்றே ஒரு சாசனம் இருந்த காலமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30 தேதியிட்டுக் கொடுத்தது அது. ஒரு மேயர், மூத்த உறுப்பினர்களாக 12 ஆல்டர்மேன்கள், சாதாரண உறுப்பினர்களாக 60 பர்கஸ்கள். 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. அப்போதும் அதிகாரம் மேலே இருந்துதான் வந்தது.

கடைசியாக, வினைச்சொல்லைப் பாருங்கள். இதுதான் எனக்கு மிகவும் உதவியது. ‘லாம்’ என்று முடிகிறதா, ‘வேண்டும்’ என்று முடிகிறதா? ஆங்கிலப் பிரதியில் ‘மே’, ‘ஷல்’ என்று இருக்கும். அரசியலமைப்பின் 243டபிள்யூ பிரிவு நகராட்சிகளுக்கு மாநிலம் அதிகாரம் வழங்கலாம் என்கிறது. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்து அத்தனையும் நம் மாநகராட்சிக்கு வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. 243யூ அப்படியில்லை. மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடித்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இருந்தும் 2016 அக்டோபரில் இருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. ‘வேண்டும்’ என்று எழுதியிருந்தாலும் கேட்க ஆள் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நாம் இதைப் படிக்கிறோம்.

சரி, இப்போது மனு எழுதலாம். பணி நடக்கவில்லை என்றால் ஆணையருக்கு, உங்கள் மண்டல அலுவலகம் வழியாக. புதிதாக ஒன்று வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும் என்றால் வார்டு உறுப்பினருக்கு, மாமன்றத்தில் பேசும்படி. 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதிக்குமான ஏரியா சபையும் உண்டு, கூட்டம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.